பாரீயின் சிங்கம்: பட்டறை வார்ப்பா, பார்பெதியென் வார்ப்பா?

பிரெஞ்சுச் சிற்பி அந்த்வான்-லூயி பாரீ (1795–1875) உருவாக்கிய நடக்கும் சிங்கமோ துருக்கிக் குதிரையோ வெண்கலச் சிலையாக விற்பனைக்கு வந்தால், அது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அவர் வாழ்ந்த காலத்து வார்ப்பு, அதாவது பட்டறை வார்ப்பு. இரண்டு, அவர் மறைந்தபின் பார்பெதியென் வார்ப்பகத்தில் வந்தது. மூன்று, பழைய வெண்கலத்தின் மீதே அச்செடுத்து யாரோ வார்த்த மறுவார்ப்பு. மூன்றிலும் பாரீயின் பெயர் இருக்கும் என்பதால் பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வாழ்நாள் வார்ப்பு என்றாலே விலை எகிறும். அதன் அழகு பாட்டினாவில், அதாவது வெண்கலத்தின் மேற்பரப்பு நிறப்பூச்சில், இருக்கிறது: பழுப்பின் மேல் கரும்பச்சை படர்ந்து, விலா எலும்பு, தோள் போன்ற மேடுகளில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். பிடரி மயிரில் உளி போன தடம் கூர்மையாகத் தெரியும். அடிப்புறம் மணல் அச்சின் சொரசொரப்போடு இருக்கும். சிலவற்றில் பெயரோடு வரிசை எண்ணும் குத்தப்பட்டிருக்கும். ஆனால் 1848இல் பாரீ திவாலானார். அச்செடுக்கும் மாதிரிகள் எமில் மார்ட்டின் என்பவர் கைக்குப் போயின. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வார்ப்பும் விற்பனையும் பாரீயின் கையில் இல்லை. ஆகவே ‘வாழ்நாள்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

1876 ஏலத்தில் பார்பெதியென் வாங்கியவை பாரீயின் வெண்கல மூல மாதிரிகள். அவற்றிலிருந்தே மணல் அச்செடுத்ததால் வாழ்நாள் வார்ப்பைவிட அளவு குறையவில்லை, நுணுக்கமும் மழுங்கவில்லை. ‘எஃப். பார்பெதியென்’ என்ற பெயர் பீடத்தில் இருக்கும். சிலவற்றில் பொன்னிறச் சிறு முத்திரையும் பதித்திருப்பார்கள். ‘லெப்லான்-பார்பெதியென்’ என்றிருந்தால் 1892க்குப் பிந்தையது. பாட்டினா சீராக, கொஞ்சம் உயிரற்று இருக்கும் என்பதுதான் குறை. இருந்தாலும், தேய்ந்த பட்டறை வார்ப்பும் நல்ல பார்பெதியெனும் ஒரே விலைக்குக் கிடைத்தால் பார்பெதியெனை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மறுவார்ப்பைக் காட்டிக்கொடுப்பது அளவு. உருகிய வெண்கலம் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும், 40 செ.மீ. சிங்கம் 39.3 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். பீடத்தை அளக்காதீர்கள், அதன் விளிம்பை அரத்தால் ராவியிருக்கலாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அருங்காட்சியகத்தில் உள்ள அசல் வார்ப்பின் அதே அளவோடு ஒப்பிடுங்கள். கண்ணிமையும் நகங்களின் இடுக்கும் மழுங்கியிருக்கும். உட்புறம், மணல் அச்சில் வராத, மெழுகு வழிந்த தடமும் புதுப் பளிங்குப் பீடமும் இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இந்த மூன்று வெண்கல வகைகளைத் தவிர, துத்தநாகப் போலிகளும் உலவுகின்றன. காந்தம் இங்கே உதவாது, வெண்கலத்திலும் துத்தநாகத்திலும் ஒட்டாது. உட்புறம் மறைவான இடத்தில் லேசாகக் கீறினால் வெண்கலம் மஞ்சளாக மின்னும், துத்தநாகம் வெள்ளிச் சாம்பலாகத் தெரியும். துத்தநாகம் எளிதில் உடையும் உலோகம்; கால், வால் பகுதிகளில் ஒட்டுப்போட்ட தடத்தைத் தேடுங்கள்.

எந்த வகையானாலும் உலோகப் பாலிஷ் போட்டு மினுக்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாட்டினா போனால் புதிதாக ஏற்றத்தான் வேண்டும். பழைய நிறம் திரும்பாது.