வெள்ளக்கோவில் ரோலும் வால்பாறை ரோலும்: காலாவதியான கலர் ஃபிலிமில் சில வருடங்கள்

காலாவதியான கலர் ஃபிலிம் என்றதும் எல்லோரும் சொல்வது ஒரே கணக்குதான்: பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). 200 ஏஎஸ்ஏ (ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் எண், குறைத்து வைத்தால் வெளிச்சம் கூடும்) ரோலின் தேதி முடிந்து இருபது வருடம் ஆகிவிட்டதா, 50 என்று வைத்து எடு. குளிர் தேசத்தில் அலமாரிக்குள் கிடந்த ரோலுக்கு இது சரியாக வரலாம். ஈரோடு, காங்கேயம், தாராபுரம் பக்கம் மூடிப்போன ஸ்டூடியோக்களிலிருந்து வாங்கிய ரோல்களைச் சில வருடங்களாக எடுத்துப் பார்த்த பிறகு எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. பெட்டியில் என்ன தேதி இருக்கிறது என்பதற்கு முன்னால், இந்த ரோல் எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழே கிடந்தது என்று கேட்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தவை இரண்டு கோடக் கோல்டு 200 ரோல்கள். இரண்டிலும் 2007 என்றுதான் தேதி. ஒன்று வெள்ளக்கோவிலில் மூடிக்கிடந்த ஸ்டூடியோவிலிருந்து வந்தது, இன்னொன்று குளிர்ந்த மலையூரான வால்பாறையிலிருந்து. வெள்ளக்கோவில் ஸ்டூடியோக்காரர் கொடுக்கும்போதே சொன்னார்: "மேல சிமெண்ட் சீட்டுங்க தம்பி. சித்திரையில உள்ள நிக்கவே முடியாது. ரோலு மட்டும் என்ன பண்ணும்? சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க."

இரண்டையும் ஒரே கேமராவில், நிக்கான் எஃப்எம்10ல், காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) உச்சி வெயிலில் எடுத்தேன். முதலில் 50 என்று வைத்தேன். வால்பாறை ரோலில் கிளுவை வேலியின் பச்சை பச்சையாகவே வந்தது. வானத்தில் லேசாக ஒரு பச்சைச் சாயல், படத்தில் புள்ளிபுள்ளியாகக் கொஞ்சம் கூடுதலான குருணை, அவ்வளவுதான். வெள்ளக்கோவில் ரோலில் வெள்வேல மரத்தடி நிழல் முழுக்கக் கத்திரிப்பூ நிறம். நிழலில் படுத்திருந்த மாட்டின் கால் எது, தரை எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த ரோலின் மீதியை 25 என்றும், அதற்கும் கீழே இன்னொரு ஸ்டாப் அப்பெர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) திறந்து 12 என்ற கணக்கிலும் எடுத்தேன். அந்தக் கடைசிப் படங்களில்தான் நிழலுக்குள் விவரம் வந்தது. ஒரே தேதி போட்ட இரண்டு ரோல்களுக்கு நடுவே இரண்டு ஸ்டாப் வித்தியாசம்!

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் கை தடுமாறாது. கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்கென்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. வயதாக ஆக ஒவ்வொரு அடுக்கும் ஒளியை உணரும் திறன் குறைகிறது. அதோடு, வெளிச்சமே படாத இடத்திலும் டெவலப்பரில் (ஃபிலிம் கழுவும் ரசாயனத்தில்) நிறம் ஏறத் தொடங்குகிறது. இதைத்தான் ஃபாக் என்கிறோம். மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் கெட்டிருந்தால் ஸ்கேன் செய்யும்போது எளிதாகச் சரிபண்ணிவிடலாம். அவை கெடுவது ஆளுக்கொரு அளவில். நல்ல வெளிச்சம் பட்ட இடங்களில் படம் ஃபாக்கைத் தாண்டி நிற்கும். நிழலில் படமே மெலிசு என்பதால் ஃபாக் அதை விழுங்கிவிடும். கூடுதல் வெளிச்சம் கொடுப்பது நிழலை அந்த மட்டத்துக்கு மேலே தூக்கத்தான். நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் ஓவரானால் தாங்கும் என்பதால் இந்த வழி செல்லுபடியாகிறது. நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. ஒரு ஸ்டாப் கூடினாலே வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும். அதனால் சூடு பட்ட பழைய ஸ்லைடு ரோலை நான் வாங்குவதே இல்லை.

வெப்பம் இந்த முதுமையை வேகப்படுத்துகிறது. ஃபிலிமை 21 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது கோடக். நம் ஈரோட்டில் கோடையில் வெளியிலேயே 40ஐத் தொடும். மூடின ஸ்டூடியோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபிலிம் செய்யும் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நம் பக்கத்து மலையில், ஊட்டியில் இருந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய 'இந்து' பிராண்டு கருப்பு-வெள்ளை ரோல் கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள், கருப்பு-வெள்ளைக்கு ஆயுள் அதிகம். கலரிலும் 100, 200 ரோல்கள் தாக்குப்பிடிக்கின்றன. 400, 800 சீக்கிரம் போய்விடும். ஃப்ரீசரில் வைத்தாலும் இயற்கையிலேயே இருக்கும் கதிர்வீச்சு வேகமான ஃபிலிமில் மெல்ல ஃபாக் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு ரோல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் மஞ்சள் களம். மாசி வாக்கில் ஈரோடு, பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். மஞ்சள் நிறம் நீல அடுக்கை அதிகம் தொடாது. அந்த அடுக்கில் ஃபாக் ஏறியிருந்தால் தொடாத இடத்திலும் நீலம் வந்து கலந்துவிடும். அப்போது மஞ்சள், பால் ஊற்றிக் கலக்கியது போல வெளுக்கும். பக்கத்தில் ஒரு பச்சை வாழையிலையும் செம்மண்ணும் ஒரே சட்டகத்துக்குள் இருந்துவிட்டால் மூன்று அடுக்குகளின் நிலவரமும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். ஒரே இடத்திலிருந்து 200, 100, 50, 25, 12 என்று வரிசையாக எடுத்து, அந்த ரோலை மட்டும் முதலில் கழுவிப் பார்ப்பேன். அதே பெட்டியில் வந்த மற்ற ரோல்களுக்கு எந்த எண் என்பது அதில் முடிவாகிவிடும்.

25, 50 என்று வைத்து எடுப்பது மேகமூட்டமான ஊரில் கஷ்டம். நமக்கு அந்தக் கவலை இல்லை. பளீரென்ற வெயிலில் 50க்கு அப்பெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 போதும். 25க்கு எஃப் 5.6, அதே வேகம். கையில் பிடித்தே எடுக்கலாம். ஆனால் கேமராவில் ஏஎஸ்ஏவை நாமே மாற்ற வழி இருக்க வேண்டும். டப்பாவின் மேலுள்ள கருப்பு-வெள்ளிக் கட்டங்களைப் படித்துத் தானாக 200 என்று வைத்துக்கொள்ளும் சின்ன கேமராக்கள் இதற்கு உதவாது. எஃப்எம்10, பென்டாக்ஸ் கே1000 மாதிரி கையால் வைக்கும் கேமராதான் சரி. சென்னிமலைத் தறிக்கூடத்துக்குள், வீட்டுக்குள், சாயங்காலம் என்றால் இந்த ரோலை வெளியே எடுக்காதீர்கள்.

கழுவுவது தனி வேலை. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் லேப் இப்போது அரிதாகிவிட்டதால் வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. இதில் அரை டிகிரி தவறினாலும் நிறம் மாறும், அதனால் தெர்மாமீட்டரை எடுக்காமல் ஆரம்பிக்கக் கூடாது. கோடை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் குழாயில் வந்துவிடுகிறது. கெட்டுப்போன ரோல் என்று டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, படத்தோடு சேர்ந்து ஃபாக்கும் ஏறுகிறது. வெளிச்சத்தைக் கேமராவிலேயே கொடுத்துவிட வேண்டும். எடுத்த ரோலைப் போட்டுவைக்காமல் சீக்கிரம் கழுவுவதும் முக்கியம், பழைய ஃபிலிமில் பதிந்த படம் வேகமாக மங்கும். கடைசி அலசலுக்குக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் போர்த் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்புத் திட்டு நெகட்டிவில் நிற்கும். அங்கே டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெரிந்த தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "அண்ணா, எங்க பாப்பாவுக்குக் காதுகுத்துங்க. அந்தப் பழைய ரோல்லயே எடுத்துக் குடுங்களேன், அந்தக் கலர் நல்லா இருக்குதுங்க." முடியாது என்று சொல்லிவிட்டேன். மாமன் மடியில் குழந்தை உட்கார்வது ஒரு முறைதான். புது ரோலில் எடுத்துக் கொடுத்தேன். திரும்ப எடுக்க முடியாத எதையும் காலாவதியான ஃபிலிமில் எடுக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கொறங்காடு நாளைக்கும் இருக்கும், மஞ்சள் அடுத்த மாசியிலும் காயும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: 35 எம்எம் ரோலில் தேதி அட்டைப்பெட்டியில்தான் இருக்கும், டப்பாவில் இருக்காது. பெட்டி இல்லாமல் உதிரியாக வந்தால், விற்பவர் எவ்வளவு சொன்னாலும் வெயிலில் கிடந்த ரோல் என்றே கணக்கு வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கொனிக்கா என்றால் தேதி பார்க்கவே வேண்டாம். கொனிக்கா மினோல்டா 2006லேயே ஃபிலிம் தொழிலை விடுவதாக அறிவித்துவிட்டது, கைக்கு வருவது எல்லாமே பழசுதான். கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்குரோம் அழகான பெட்டியில் வரும், ஆசைப்பட்டு வாங்காதீர்கள். அதற்கான கே-14 கழுவல் 2010 முடிவோடு நின்றுபோனது, இனி கலர் வராது. வாங்கிய நல்ல ரோலை டப்பாவோடு ஒரு மூடியுள்ள டப்பர்வேரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும் நாளில் சில மணி நேரம் முன்பே வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறங்கள், இல்லாவிட்டால் ஃபிலிமில் நீர் கோத்துக்கொள்ளும். 12க்கும் வராத ரோல் என்று மஞ்சள் களப் படத்தில் தெரிந்துவிட்டால், மீதியைக் கருப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவுங்கள். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு அடித்தளம் இருந்தாலும் ஸ்கேனரில் படம் வந்துவிடும். வெள்ளக்கோவிலிலிருந்து வந்த மற்ற ரோல்களை இப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.