நூறு கோடியே ஏழும் ஓர் எண் ஆய்வுச் செயலியும்

எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் அதன் பண்புகளை ஒரே பக்கத்தில் விரித்துக் காட்டும் செயலி ஒன்றைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய கருவியைச் சோதிப்பதற்கு, அது தரும் விடைகளைத் தாளிலேயே பெரும்பாலும் சரிபார்க்கக்கூடிய ஒரு பகா எண் வேண்டும் என்பதால், நிரலாளர்களுக்கு நன்கு பழக்கமான 1000000007 என்னும் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

அடிப்படைத் தகவல்களில் பிழை எதுவும் இல்லை. பகா எண்களின் வரிசையில் இது 50847535ஆவது என்றும், இதற்கு முந்தையது 70 குறைவான 999999937 என்றும், அடுத்தது இரண்டே கூடுதலான 1000000009 ஆதலால் இவ்விரண்டும் இரட்டைப் பகா எண்கள் என்றும் நொடியில் சொல்லிவிடுகிறது.

என்னைக் கவர்ந்தது தசம விரிவுப் பகுதிதான். 1 ஐ இந்த எண்ணால் வகுத்தால் 0.000000000999999993000000048999999657 எனத் தொடங்கும் சுழல் தசமம் கிடைக்கிறது. 7, 49, 343 என ஏழின் அடுக்குகள் கூடியும் குறைந்தும் அந்த இலக்கங்களுக்குள் ஒளிந்திருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். இதன் காலமுறைமை, அதாவது திரும்பத் திரும்ப வரும் இலக்கத் தொகுதியின் நீளம், 1000000006 எனச் செயலி காட்டுவதோடு, அதற்கான காரணத்தையும் தருகிறது. அந்த நீளம், நம் பகா எண்ணைவிட ஒன்று குறைவான 1000000006 ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 1000000006 என்பதோ 2, 500000003 ஆகிய இரு பகா எண்களின் பெருக்கற்பலன். ஆகவே 1, 2, 500000003, 1000000006 என்னும் நான்கு நீளங்களுக்கே இடமுண்டு. முதலிரண்டும் பொருந்தாதது கண்கூடு. 10 இன் 500000003ஆவது அடுக்கை 1000000007 ஆல் வகுத்தால் மீதி 1 ஆக வராமல் 1000000006 ஆக வருவதால் மூன்றாவதும் விலகிவிடுகிறது. இவ்வளவு தெளிவான விளக்கத்தை ஒரு செயலியிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

அதே கவனம் அடுத்த பகுதியில் இல்லை. இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. தேடிக் களைத்துப்போனது போன்ற இந்தச் சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது. இந்த எண்ணைப் போல நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணையும் அவ்வாறு எழுதவே முடியாது. ‘இல்லை’ என்று துணிந்து சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை விரைவுச் சோதனையில் உள்ளது. 3215031751 என்பது 151, 751, 28351 ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆயினும் செயலி அதைப் பகா எண் என்று அறிவித்தது. சில அடிமான எண்களைக் கொண்டு ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகப் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனையை 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றிவிடும் மிகச் சிறிய பகு எண் இதுவே என்பதால், உள்ளே நடப்பது என்னவென்று ஊகிப்பது எளிது. அதற்குக் கீழுள்ள 1000000007 போன்ற எண்களுக்கு இந்த நான்கும் போதும். அதைத் தாண்டினால் பச்சை நிறத்தில் ஒளிரும் ‘பகா எண்’ என்ற தீர்ப்புக்குப் பக்கத்தில், எந்த அடிமானங்களால் சோதித்தோம் என்ற ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். முழுச் சோதனைக்கான தெரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அமைப்புப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது, செயலியை மூடித் திறக்கும்போதெல்லாம் மறுபடியும் அதை இயக்க வேண்டியிருக்கிறது.