செமி கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பிள்ளையச் சேர்க்கலாமோ? எங்கட அனுபவம்

கொழும்பில தமிழ் மீடியத்துக்கு முதலாம் வகுப்புத் தேடி அலையிற ஆக்களுக்குத்தான் இது. மகன் படிக்கிறது அரசாங்க உதவி பெறுற தனியார் பாடசாலை, எல்லாரும் சொல்ற மாதிரி செமி கவர்ன்மென்ட். பேர் போடமாட்டன், கேக்காதைங்கோ. இப்ப மூண்டாம் வகுப்பு, ஆரம்ப மயக்கம் எல்லாம் தெளிஞ்சிட்டுது.

முதல் ஒரு குழப்பத்தத் தீர்ப்பம். இது இன்ரநெஷனல் ஸ்கூல் இல்ல. அது கொம்பனியாப் பதிஞ்சு நடக்கிறது, கல்வி அமைச்சுக்கு அங்க பெரிசாப் பிடி இல்ல. இங்க ரீச்சர்மாருக்குச் சம்பளம் அரசாங்கம், பாடத்திட்டம் அரசாங்கம், பாடப்புத்தகமும் இலவசம், நிர்வாகம் மட்டும் தனியார், கூடுதலா மிஷன் ஆக்கள். 1960, 61இல உதவி பெறுற பாடசாலையள அரசாங்கம் எடுக்கேக்க சிலது மட்டும் தரமாட்டம் எண்டு நிண்டது, அதுக்குப் பிறகு கன காலம் அரசாங்கக் காசும் இல்லாம பீஸ் வாங்கவும் விடாம, கார்னிவல் வச்சுக் காசு சேத்துத்தான் ஓடினது, சம்பளம் குடுக்கத் தொடங்கினது எல்லாம் பிந்தித்தான்.

படிப்பு உண்மையிலேயே நல்லம். ரெண்டாம் வகுப்பில பத்துப் பத்தா ஈர்க்குக் கட்டி ரப்பர்பாண்ட் போட்டுக் கொண்டுவரச் சொன்னவ ரீச்சர், நான் பஞ்சிப்பட்டுக்கொண்டுதான் கட்டினன், ஆனா கடன் வாங்கிக் கழிக்கிறதுக்குக் கட்ட அவிட்டு ஒவ்வொண்டா எடுக்க வச்சா பிள்ளை ஒரு நாளில பிடிச்சிட்டான். கொப்பி திருத்தினா திகதியோட கையெழுத்து இருக்கும். ரெண்டு நாள் வராட்டி வகுப்பு ரீச்சரே கோல் பண்ணிக் கேப்பா. அடிக்கடி இடமாற்றம் இல்ல, அதால அண்ணனுக்குப் படிப்பிச்சவதான் தம்பிக்கும். அரசாங்கப் பாடத்திட்டத்தில முதல் ரெண்டு வருசமும் இங்கிலிஷ் வாயால பேசுற செயற்பாடு மட்டும்தான், இவை மேலதிகமா ஆள் போட்டு எழுதவும் பழக்கினம்.

இனி காசுக் கதை. சேர்க்கேக்க கட்டட நிதி, தவணைக்கு வசதிக் கட்டணம், பெற்றார் சங்கம், போட்டோகொப்பி, ஒருக்கா ஃபான் திருத்த எண்டும் சிலிப் வந்தது. எல்லாத்துக்கும் ரிசீற் வரும், ஆனா கணக்கு எங்க காட்டினம் எண்டு கேட்டா பெற்றார் கூட்டத்தில சிரிச்சுக்கொண்டே அடுத்த விசயத்துக்குப் போயிருவினம்.

அதவிடப் பெரிய பிரச்சினை என்னெண்டா ஏதும் பிழைச்சா ஆரிட்டக் கேக்கிறது எண்டே தெரியாது. சிங்களம் படிப்பிச்ச ரீச்சர் நடுத் தவணையில நிண்டிட்டா, நிர்வாகத்திட்டப் போனா அமைச்சிண்ட அனுமதி வரவேணும் எண்டினம், வலயக் கல்விப் பணிமனைக்குப் போனா அது உங்கட நிர்வாகம்தான் பாக்கவேணும் எண்டு திருப்பி அனுப்பினம், கடைசியில நாங்க பெற்றார் காசு சேத்துத்தான் ஒரு மிஸ்ஸப் பிடிச்சம். ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினி எண்டுறது இதைத்தான்.

அமெரிக்காவில சாட்டர் ஸ்கூல் எண்டு இதுக்குக் கிட்டின ஒண்டு இருக்கு, 1991இல மினசோட்டாவில முதல் சட்டம் வந்தது. காசு அரசாங்கம், நடத்துறது வேற ஆக்கள், ஆனா பீஸ் வாங்க ஏலாது, இடத்தவிட அப்ளிகேஷன் கூடினா பொதுவாக் குலுக்கல், ஒப்பந்தத்தில சொன்னபடி செய்யாட்டி மூடவும் ஏலும். அங்கயும் பொதுப் பாடசாலைக்குப் போற காசு குறையுது எண்டு சண்டைதான், எண்டாலும் பொறுப்பு ஆருக்கு எண்டு பேப்பரில இருக்கு. இங்க குலுக்கலாவது மண்ணாவது, நேர்முகத்தில அப்பா பழைய மாணவனோ, எந்தக் கோயில், எந்தச் சேர்ச் எண்டெல்லாம் வரும். வத்தளையிலயிருந்து வான்காசு குடுத்து வாற பிள்ளையும் இருக்கு, பக்கத்துத் தோட்டத்தில, அதான் ஏழைச் சனம் நெருக்கமா இருக்கிற குடியிருப்பில, இருக்கிற பிள்ளைக்கு இடம் இல்ல. எனக்கு இது சரியாப் படேல்ல.

இன்னொண்டு, மூண்டாம் வகுப்பிலயே அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக் கதை தொடங்கியாச்சு, சனிக்கிழமை கிளாஸுக்குத் தனிக் காசு.

அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன், படிப்புக்கு மட்டும் எண்டா நாலரை. கிட்ட நல்ல அரசாங்கப் பாடசாலை இருந்து கிட்டத்தான் இருக்கிறம் எண்டு காட்ட வாக்காளர் இடாப்பில பேரும் ஒழுங்கா இருந்தா முதல் அங்க போடுங்கோ. இல்லாட்டி இங்க வரலாம், ஆனா காசு கட்ட முன்னம் வருசத்துக்கு மொத்தமா எவ்வளவு எண்டு எழுத்தில கேளுங்கோ, இன்ரவல் நேரம் போய் ரொய்லட்டப் பாருங்கோ, எந்தப் பாடத்துக்கு ரீச்சர் இல்ல எண்டு ஒஃபிஸ்ல இல்ல, கேற்றில நிக்கிற அம்மாமாரிட்டக் கேளுங்கோ.