வாடகை அக்ரிமெண்ட்: லாக்-இன் போடறதா, ரெண்டு பக்கமும் நோட்டீஸ் போடறதா?

சென்னையில வேளச்சேரி, பெருங்குடி பக்கம் வீடு பாக்குற நிறைய பேரு இதுல தான் முழிக்கிறாங்க. லாக்-இன்னா எழுதின மாசம் முடியுற வரைக்கும் நடுவுல கிளம்பக் கூடாது. நோட்டீஸ்னா ஒரு மாசமோ ரெண்டு மாசமோ முன்னாடியே சொல்லிட்டு கிளம்பலாம்.

காசு:
லாக்-இன்ல நடுவுல கிளம்பினா மிச்ச மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சிருவாங்க.
நோட்டீஸ்னா ஒரு மாசமோ ரெண்டு மாசமோ வாடகையோட முடிஞ்சிரும்.

பாதுகாப்பு:
நோட்டீஸ்ல ஓனரும் எப்ப வேணா காலி பண்ண சொல்லலாம்.
லாக்-இன் ரெண்டு பேரையும் கட்டுதானு வரி வரியா படிங்க. என்னோட 11 மாச அக்ரிமெண்ட்ல எனக்கு 6 மாசம் லாக்-இன், ஓனருக்கு மட்டும் ஒரு மாச நோட்டீஸ் போதும்னு ரெண்டாவது பக்கத்துல இருந்துச்சு, அத படிக்காமலே கையெழுத்து போட்டுட்டேன், நாலாவது மாசமே காலி பண்ண சொல்லிட்டாங்க, கைக்குழந்தைய தூக்கிட்டு வெயில்ல வீடு தேடி அலைஞ்சோம்.

சட்டம்:
1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி, மீறினா கட்டணும்னு அக்ரிமெண்ட்ல எழுதின தொகை உச்சவரம்பு தான், நியாயமான இழப்பீடு தான் கேக்க முடியும். ஆனா அட்வான்ஸ் அவங்க கைல இருக்கே, திரும்ப வாங்க நாம தான் நடக்கணும்.

புள்ளைங்கள ஸ்கூல்ல சேத்தவங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டுற லாக்-இன் நல்லது. எப்ப டிரான்ஸ்ஃபர் வரும்னு தெரியாத ஐடி ஆளுங்க நோட்டீஸ் போட்டுக்கோங்க. ஓனருக்கு மட்டும் ரத்து உரிமைனு இருந்தா அந்த வரிய மாத்தி பிரிண்ட் எடுத்தப்புறம் கையெழுத்து போடுங்க.