ஆடிட்டா, சங்க ஒப்பந்தமா? ஆசிய ஆடை ஆலைகளில் உரிமை காக்கும் இரு வழிகள்

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ8000 என்ற, வேலை நிலைமை ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே பற்றிய தீயில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது திட்டமிட்டு வைத்த தீ என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் இத்தனை பேர் சாகக் காரணம், திறக்காத வழிகளும் கம்பி போட்ட ஜன்னல்களும்தான். ஜன்னல் கம்பி ஒரே நாளில் முளைப்பதில்லை. சான்றிதழ் கொடுக்க வந்தவர் அதைப் பார்க்காமல் போனது எப்படி?

ஆடிட் என்ற கம்பெனி வழியின் நடைமுறையிலேயே பதில் இருக்கிறது. பையர், அதாவது ஆடை வாங்கும் பிராண்டு, ஒரு நடத்தை விதித் தொகுப்பு வைத்திருப்பார். அதைச் சரிபார்க்க வெளி நிறுவனம் வரும். கட்டணத்தைப் பெரும்பாலும் கட்டுவது ஆலையே. ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்திலும் ஒரு சில நாள் வேலைதான். ஆடிட்டர் வரும் தேதியோ, வாரமோ முன்கூட்டியே தெரிந்திருக்கும். வருகைப் பதிவும் ஓவர்டைம் கணக்கும் இரண்டு செட் இருக்கும். யார் பேசலாம், என்ன பேசலாம் என்பது முந்தின நாளே சொல்லித்தரப்படும். பேட்டி நடப்பது ஆலை வளாகத்திலேயே. அறிக்கை ஆலைக்கும் பையருக்கும் போகும், தொழிலாளி கண்ணில் படாது.

இதனால் ஆடிட் பயனற்றது என்றாகிவிடாது. தீயணைப்பான், குடிநீர், கழிப்பறை எண்ணிக்கை, வயதுச் சான்று என்று கண்ணால் எண்ணக்கூடியவற்றை அது ஓரளவு பிடிக்கும். சூப்பர்வைசர் கையைப் பிடித்ததை, சாதி சொல்லித் திட்டியதை, டார்கெட் முடிக்காதவரைக் கழிப்பறைக்கு விடாததைப் பிடிக்காது. நாளை மறுபடி அதே சூப்பர்வைசரின் கீழ் நிற்க வேண்டிய பெண், இன்று வந்து போகிறவரிடம் வாய் திறக்கமாட்டார்.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வங்கதேசம் நல்ல இடம். 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அக்கார்டு, அலையன்ஸ் என்று இரண்டு பாதுகாப்புத் திட்டங்கள் வந்தன. அக்கார்டில் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வால்மார்ட், கேப் போன்றவை நடத்திய அலையன்ஸில் தொழிற்சங்கம் கையெழுத்திட்ட தரப்பு அல்ல. தீக்கதவு, மின்வயரிங், தூண் வலு ஆகியவற்றை இரண்டுமே திருத்தின. அலையன்ஸ் தொடங்கிய அமாதேர் கொத்தா தொலைபேசி உதவி எண்ணும் நல்ல ஏற்பாடு. வித்தியாசம் தெரிந்தது வாக்கு மீறப்பட்டபோது. அக்கார்டில் சங்கங்கள் ஹேகில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போக முடிந்தது. 2018 ஜனவரியில் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அந்தக் கதவு அலையன்ஸ் தொழிலாளிக்குத் திறக்கவே இல்லை.

திண்டுக்கல் இதைவிட நுட்பமான உதாரணம். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். சூப்பர்வைசர் மீது வழக்குப் பதிவானது. பெண்கள் தலைமையிலான டிடிசியூ என்ற தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கம், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்ற தொழிலாளர் கூட்டணி (வங்கதேச அலையன்ஸ் வேறு) ஆகியவற்றின் போராட்டத்தால் 2022இல் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச்&எம், கேப், பிவிஎச் பிராண்டுகளோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லியே அது தடை செய்தது.

அதன் உயிர்நாடி தளக் கண்காணிப்பாளர்கள். ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர். சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும், அவரும் அதே லைனில் தைப்பவர். புகாரை முதலில் இவரிடம் சொல்லலாம், பேரைச் சொல்லாமலும் கொடுக்கலாம். அங்கே தீராதது நிர்வாகத்துடன் நடக்கும் கூட்டத்துக்குப் போகும். பாலியல் புகார் என்றால் வெளி நிபுணர்கள் உள்ள உள்ளகக் குழுவுக்கு. ஆலை தீர்வை ஏற்காவிட்டால் பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்து 182 தீர்ந்ததாக அறிக்கை சொல்கிறது. புகார் கூடியதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயம் குறைந்ததன் அடையாளம் அது. புகாரே இல்லாத ஆடிட் அறிக்கைதான் கவலைப்பட வேண்டியது.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளி உறுப்பினர் ஒருவர், 90 நாளில் விசாரணை. ஆடிட்டர் பெயர்ப்பலகையைப் பார்த்து டிக் போடுவார். கடைசியாகக் கூடிய தேதி என்ன, வெளி உறுப்பினர் யார் என்று லைனில் நிற்கும் நான்கு பெண்களைக் கேட்டாலே அந்தக் குழு உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சங்க ஒப்பந்தம் என்ற மக்கள் வழியிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. சங்கம் இல்லாத இடத்தை அது எட்டாது. பிராண்டின் கையெழுத்து இல்லாமல் ஆலையோடு மட்டும் மோதினால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும், வேலையும் போகும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எல்லாம் மறுபடி பேரம். ஒடிசா, பிகார், ஜார்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்குத் தமிழ் மட்டும் தெரிந்த கண்காணிப்பாளர் போதாது. அவர்கள் மொழி பேசுபவர் ஒருவராவது வேண்டும், ஹாஸ்டலிலேயே வேண்டும்.

ஆகவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சங்க ஒப்பந்தம்தான், ஆனால் பிராண்டின் கையெழுத்தோடு. ஒப்பந்தம் எழுதும்போது தவறவிடக் கூடாதவை: கண்காணிப்பாளருக்கு வேலை நேரத்திலேயே சம்பளத்துடன் பயிற்சி, புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் தனித் தண்டனை, தீர்வுக்கு நாள் கெடு, கெடு தப்பினால் ஆர்டரில் என்ன ஆகும் என்ற தெளிவான வாசகம். இவற்றோடு, பிரதான ஆலை வேலை கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் முழுப் பட்டியலையும் இணைக்க வேண்டும். நூல் வெட்டுவதும் பட்டன் தைப்பதும் அந்தச் சின்ன ஷெட்டுகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும்தான் நடக்கிறது. அங்கே இன்றுவரை இரண்டு வழிகளுமே சரியாக எட்டவில்லை.