கட்டடம் முதலிலா, வேலை முதலிலா?

தென்காசி, நெல்லைப் பக்கம் பொறியியல் முடித்த பிள்ளைகள் பெட்டியோடு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறுவது பழகிப்போன காட்சி. அவர்களை ஊர்ப்பக்கமே வேலைக்கு அமர்த்த இரண்டு வழிகளில் முயற்சி நடக்கிறது. அரசு கட்டடம் கட்டி நிறுவனங்களை அழைப்பது ஒன்று. ஒரு நிறுவனம் தானாகவே கிராமத்துக்கு வந்து உட்காருவது இன்னொன்று.

முதல் வழிக்குப் பழைய உதாரணம் நெல்லை அருகே கங்கைகொண்டானில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கட்டிய ஐ.டி. பூங்கா. நெடுநாள் அது பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. அனுபவமுள்ள ஆள் கிடைக்காது என்று நிறுவனங்கள் தயங்கின. நிறுவனம் இல்லாததால் இங்கே யாருக்கும் அனுபவம் சேரவில்லை. இப்போது அரசு சிறு நகரங்களில் கட்டும் டைடல் நியோ ஐ.டி. பூங்காக்கள் அளவில் சிறியவை. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று வரிசையாகத் திறந்தார்கள். சின்ன நிறுவனமும் கொஞ்சம் இடம் எடுத்துக் கடையைத் தொடங்கலாம். இது நல்ல திருத்தம்.

இரண்டாவது வழிக்கு உதாரணம், 2011-இல் மென்பொருள் நிறுவனமான ஸோகோ தென்காசி அருகே மத்தளம்பாறைக்கு வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ஸோகோ டெஸ்க் மென்பொருள் இங்கேதான் உருவானது. என்னை அசைத்தது இதுதான். சென்னையில் மிஞ்சிய எடுபிடி வேலையை இங்கே தள்ளிவிடவில்லை. முழுப் பொருளையே நம்பி ஒப்படைத்தார்கள். 25,000 ரூபாய் சம்பளத்தில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பாதி போய்விடும் சென்னையைவிட, வீட்டிலிருந்தே போய்வரும் வேலை லாபம்தான். ஆனால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லையென்றால் அந்த லாபத்துக்காக எந்தப் பிள்ளையும் தங்காது.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரே பெரிய நிறுவனம் என்றால், அங்கே ஒத்துவராதவருக்கு மறுபடியும் பொதிகைதான். இன்னொன்று, ஸோகோவின் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுக்கிறது. அருமையான விஷயம், ஆனால் அது பட்டம் வாங்கிவிட்டு நிற்பவரை மனதில் வைத்துத் தொடங்கியதல்ல.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம்போல, தங்கும் பட்டதாரிக்கு 24,000 டாலர் வரை வரிச்சலுகை தரும் வழியும் உண்டு. வேலை ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அது சரி. நம் பிள்ளைக்கு முதல் சம்பளத்தில் வருமான வரியே வராது.

என் ஓட்டு மத்தளம்பாறை வழிக்குத்தான். அரசு இடம் ஒதுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, என்ன வேலை, அதைச் சொல்லித்தர மூத்தவர்கள் எத்தனை பேர் இங்கே வந்து தங்குவார்கள் என்றும் கேட்க வேண்டும். தூத்துக்குடிப் பூங்காவில் இடம் கேட்டு வருபவர்களிடமே இதைத் தொடங்கலாம்.