இ-டேக்கா, ரொக்கமா? டர்பன் சாலையில் நான் எடுத்த முடிவு

பத்து வருடம் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த இ-டேக்கை, அதாவது டோல் கட்டணத்தைத் தானாகவே கணக்கில் ஏற்றும் சின்னக் கருவியை, 2024 ஏப்ரலில் பிய்த்து எடுத்தேன். அந்த மாதம் 11ஆம் தேதி நள்ளிரவோடு தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் இ-டோல், அதாவது சாவடி இல்லாமல் டேக்கையும் நம்பர் பிளேட்டையும் படித்து நெடுஞ்சாலைக் கட்டணம் வசூலித்த முறை, முடிந்துபோனது. "டர்பன் போகும்போது டோல்கேட்டில் உதவுமே, அதை ஏன் எடுக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நண்பர்கள் சிலரும் அதையே கேட்டதால் சாவடியில் டேக்கில் கட்டுவது, ரொக்கமாகக் கட்டுவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

வசதி என்று பார்த்தால் டேக்தான். மிட்ராண்டிலிருந்து டர்பன் போகும் என்-3 நெடுஞ்சாலையில் இறங்கினால் டி ஹூக், வில்கே, துகேலா, மூய், மரியான்ஹில் என்று ஐந்து சாவடி. டேக் இருந்தால் 'பீப்' சத்தம், தடுப்புக் கட்டை மேலே போகும், அவ்வளவுதான். ஈஸ்டர் வாரத்தில் டர்பன் பக்கத்திலுள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மூய் சாவடியில் நிற்கும் வரிசை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காசு விஷயமும் ஒரு காலத்தில் டேக் பக்கம்தான் இருந்தது. 2013 டிசம்பர் 3ஆம் தேதி இ-டோல் தொடங்கியபோது டேக் உள்ள காருக்குக் கிலோமீட்டருக்கு 30 சென்ட், இல்லாத காருக்கு 58 சென்ட். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். இன்று அந்தக் காரணம் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

டேக் கணக்குக்கு மாதாமாதம் ஸ்டேட்மென்ட் வரும். இ-டோலுக்காகச் சாலைக்குக் குறுக்கே மேலே கேமராவோடு நின்ற ஒவ்வொரு கேன்ட்ரிக்கும் (இரும்பு வளைவு) ஃபிளமிங்கோ, ஐபிஸ் என்று ஒரு பறவையின் பெயர். அதற்கு எதிரே தேதி, மணி, நிமிடம், தொகை. பயணப்படிக்காக அந்தத் தாளை என் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் கொடுப்பதற்கு முன் சும்மா கண்ணை ஓட்டினேன். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், காலை ஏழு மணிக்குப் பிரிட்டோரியா பக்கம் போய், பத்து மணிக்குள் திரும்பிய வரிகள். குழந்தைக்காக நாங்கள் அங்கே சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. என் அம்மாவுக்குத் தெரியாது, மாமனார் வீட்டுக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஸ்கேல் வைத்து அந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்தேன். கொடுத்த தாளில்தான் அடித்தேன், கணினியில் இருந்ததை என்னால் அடிக்க முடியாது.

அந்த நாளில் டேக் இல்லாமல் போயிருந்தாலும் கேன்ட்ரி கேமரா நம்பர் பிளேட்டைப் படித்திருக்கும், அதை நான் மறைக்கவில்லை. பிரிட்டோரியா போகும் என்-1 நெடுஞ்சாலையில் ஓட்டியவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. என்-3 சாவடியில் ரொக்கமாகக் கட்டும் வழி இருக்கிறது. அதனால்தான் இன்று இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஒரு வேலைக்கு எடுத்த பதிவு அதே வேலையோடு நிற்குமா? சாலைக் கடனை அடைக்க டோல் என்றுதான் இ-டோல் வந்தது. 2015இல், இ-டோல் பாக்கி கட்டினால்தான் வாகன லைசென்ஸ் டிஸ்க்கை (வருடாவருடம் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு) புதுப்பிக்க முடியும் என்ற திட்டத்தை அரசே அறிவித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை, சரி. ஆனால் எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். இ-டோல் நின்ற பிறகும் கேன்ட்ரிகள் நிற்கின்றன, அவற்றைக் குற்றத் தடுப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சும் எழுந்தது. நல்ல காரணம்தான். வந்த காரணம் அது இல்லையே.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைத் தருகிறது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் பதிவை வைத்திருக்கக் கூடாது, எடுத்த நோக்கத்தோடு பொருந்தாத வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே கேட்கலாம். அதே சமயம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவில் அரசு வழக்கறிஞர் மாஜிஸ்திரேட்டிடம் அழைப்பாணை வாங்கினால் பதிவு வைத்திருப்பவர் கொடுத்தாக வேண்டும். போன் பதிவுகளை அப்படித்தான் வாங்குகிறார்கள். பதிவே இல்லை என்றால் யாரும் கேட்க முடியாது. ரொக்கத்தின் பலம் எனக்கு இதுதான்.

டேக் எனக்கு ஒரு முறை கைகொடுத்ததையும் சொல்ல வேண்டும். வண்டி வீட்டு கராஜில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நம்பரில் இரண்டு கேன்ட்ரி கடந்ததாக வந்தது. யாரோ என் பிளேட்டைப் போலியாகச் செய்து மாட்டியிருந்தான். அந்த இரண்டு வரியிலும் டேக் சிக்னல் இல்லை, கேமரா படம் மட்டும்தான். அதைக் காட்டியதும் தொகையை நீக்கிவிட்டார்கள். பிளேட் திருட்டு பயம் அதிகமாக உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"உங்கள் வண்டியில் டிராக்கர் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது, இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். டேக்கை விட அது அதிகம் அறியும். ஆனால் வண்டி திருடுபோனால் மீட்பதற்காக நானே செய்த ஒப்பந்தம் அது, வேண்டாம் என்றால் முறித்துக்கொள்ளலாம். என் லைசென்ஸ் டிஸ்க்கை நிறுத்தவோ அபராதம் போடவோ அந்தக் கம்பெனியால் முடியாது.

வங்கி கார்டில் கட்டினால் ஊரும் நேரமும் வங்கிக்குப் போகும், அதனால் ரொக்கம் என்றால் நோட்டும் சில்லறையும்தான். சாவடியிலும் கேமரா உண்டு, கண்ணுக்கே தெரியாமல் போக முடியாது. ஆனால் என் பெயரில் வரிசையாக அடுக்கிய கணக்கு இருக்காது. தினமும் சாவடி கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் என் முடிவு ஒத்துவருமா என்று தெரியவில்லை. நான் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போகிறவன், கேப் டவுன் பக்கம் ஓட்டியதே இல்லை.

இசிபிங்கோவில் இருக்கும் என் மாமனார் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஐந்து சாவடிக்கான நோட்டையும் தனித்தனியாக மடித்து, வரிசை மாறாமல் வெயில் மறைப்பில் செருகி வைப்பார். "கேட்டா சொல்லலாம் மாப்பிள்ளை, கேக்காமலே எதுக்குச் சொல்லணும்?" என்பார். 2025 ஈஸ்டருக்கு நானும் அப்படியே மடித்து வைத்துக்கொண்டு போனேன். மூய் சாவடியில் நாற்பது நிமிடம் நின்றோம், பிள்ளை பின்சீட்டில் தூங்கிவிட்டான். கையில் வந்த ரசீதில் சாவடியின் பெயர், நேரம், தொகை எல்லாம் இருந்தன. என் பெயர் இல்லை.